ரம்புத்தான் தோல் சாற்றில் காந்த நானோ துகள்: இது உண்மையிலேயே பசுமை முறைதானா?

கெலுகோர் மாணவி (பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் வேதியியல் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். இரத்த மாதிரிகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க உதவும் காந்தத் துகள்களைச் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு குறைந்த முறையில் தயாரிப்பது ஆய்வின் முதல் கட்டம். அதே துகள்களைச் செல்களில் இட்டுப் பார்த்து, எம்ஆர்ஐ படத்துக்கும் பயன்படுமா என்று ஆராய்வது இரண்டாம் கட்டம். பாலேக் பூலாவ் பக்கம் பருவகாலத்தில் மலிந்து கிடக்கும் ரம்புத்தானின் தோலைப் பயன்படுத்தலாம் என்பது என் மேற்பார்வையாளரின் யோசனை.

தோலைக் கழுவி, 60 டிகிரி அடுப்பில் இரண்டு நாள் உலர்த்திப் பொடித்து, நீரில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுகிறேன். அந்தச் சாற்றை ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊற்றிய உடனே, கலக்கி முடிப்பதற்குள், மஞ்சள் கரைசல் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. காரம் எதுவும் சேர்ப்பதில்லை. நான் படித்த கட்டுரைகள் பலவற்றில் இந்த நிறமாற்றமே நானோ துகள் உருவானதற்கான முதல் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. ஆனால், உலர்ந்த பொடிக்கு அருகே நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனால் அசைவே இல்லை. எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு) வரைபடத்திலும் கூர்மையான முகடுகள் இல்லை. 20 முதல் 30 டிகிரி வரை அகலமான ஒரு மேடு மட்டுமே தெரிகிறது.

தாவரச் சாற்று முறையில் நான் எதைத் தவறவிடுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்னொரு சந்தேகமும் உண்டு. இந்த முறை வழக்கமான முறையைவிட உண்மையாகவே சூழலுக்கு உகந்ததா? ஆய்வறிக்கையைப் பரிசீலிப்பவர் இதைக் கேட்டால் எந்தக் கணக்கைக் காட்டுவது?

---

பட்டர்வொர்த் வேதியியலார் எழுதியது:

சகோதரி, உங்கள் குடுவையில் இருப்பது மேக்னடைட் (காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு) அன்று. பெரும்பாலும் அது எழுதுகிற மை. ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கி, கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைக் கரைத்துப் பாருங்கள். இதே கறுப்பு வரும். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட். கடுக்காயில் உள்ள டானினோடு சேர்ந்து, காற்றும் பட்டதும், அது கறுப்பு நிற இரும்பு டானேட் ஆகிறது. பழைய மைகளுக்கும் கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகளுக்கும் இதுதான் அடிப்படை. ரம்புத்தான் தோலில் ஜெரானின் என்னும் எல்லாஜிடானின் மிகுதியாக உள்ளது. அதை ஃபெரிக் குளோரைடில் ஊற்றினால் கறுக்காமல் இருந்தால்தான் வியப்பு. டானின், ஃபீனால் இருக்கின்றனவா என்று பார்க்கப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஃபெரிக் குளோரைடைத்தான் சொட்டு விடுகிறோம்.

ஆகவே நிறமாற்றத்தை நானோ துகளுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. பச்சைத் தேயிலைச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்தால் உலோக இரும்பு நானோ துகள் கிடைப்பதாகப் பல கட்டுரைகள் எழுதப்பட்ட பிறகு, 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வாறு கிடைப்பது இரும்பு-பாலிஃபீனால் (டானினும் இந்த வகைதான்) கூட்டுப்பொருளே என்று காட்டியது. உங்கள் வரைபடத்தில் தெரியும் அந்த அகன்ற மேடும் படிக வடிவற்ற கரிமப் பொருளின் அடையாளமே.

மேக்னடைட் உருவாக இரண்டு பங்கு ஃபெரிக் (Fe³⁺) அயனியும் ஒரு பங்கு ஃபெரஸ் (Fe²⁺) அயனியும் காரமும் வேண்டும். ஃபெரிக் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சாறே மூன்றில் ஒரு பங்கை ஃபெரஸாக ஒடுக்கிவிடும் (எலக்ட்ரான் தந்து மாற்றிவிடும்) என்று எதிர்பார்ப்பது, அளவு தெரியாத ஒடுக்கியை நம்பிக் கணக்குப் போடுவதாகும். சாறு குறைந்தால் ஃபெரஸ் போதாது. கூடினாலோ விகிதம் மறுபக்கம் சாய்கிறது, அத்துடன் பாலிஃபீனால் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு படிகம் வளரவும் விடாது. ரம்புத்தானின் வகை, பழுத்த நிலை, பறித்து எத்தனை நாள் என்பவற்றைப் பொறுத்துச் சாற்றின் வலு மாறும். ஒவ்வொரு வடிப்பிலும் ஃபோலின்-சியோகால்டு முறையில் மொத்த ஃபீனாலை அளந்து எழுதாத கட்டுரையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வழியே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று குடுவைச் சோதனை. முதல் குடுவையில் இரும்பு உப்புகளும் காரமும் மட்டும், இரண்டாவதில் உப்புகளும் சாறும் மட்டும், மூன்றாவதில் மூன்றும். ஃபெரிக், ஃபெரஸ் உப்புகளை 2:1 என்ற மோல் விகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் மேக்னடைட்டுக்கு ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 2.34 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 0.86 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 1.38 கிராம் போதும். காரத்தை மட்டும் சற்றுக் கூடுதலாக எடுத்து, பிஎச் 10க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீரைக் கொதிக்க வைத்து, நைட்ரஜன் செலுத்திக்கொண்டே ஆறவிட வேண்டும். இல்லையென்றால் ஃபெரஸ் அயனி காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து, விகிதம் கெட்டுப் பழுப்பு வண்டல்தான் மிஞ்சும். இதைக் கூட்டு வீழ்படிவு முறை என்பார்கள். 1981இல் பிரான்சின் மஸார் வெளியிட்ட வடிவமே இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது.

எக்ஸ்ஆர்டியில் தாமிரக் கதிர் என்றால் 30.1, 35.5, 43.1, 53.5, 57.0, 62.6 டிகிரி ஆகிய இடங்களில் முகடுகள் வர வேண்டும். 33.2இல் வலுவான முகடு இருந்தால் அது ஹேமடைட். தாமிரக் கதிர் இரும்பை ஒளிரச் செய்து பின்னணி இரைச்சலைக் கூட்டும் என்பதால், கோபால்ட் கதிர் உள்ள கருவி கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்; அப்போது கோணங்கள் மாறும். 35.5 டிகிரி முகட்டின் பாதி உயர அகலம் 0.8 டிகிரி என்றால், ஷெரர் சமன்பாட்டின்படி படிக அளவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். ஒன்றை மறக்க வேண்டாம்: மேக்னடைட்டும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் மேகமைட்டும் எக்ஸ்ஆர்டியில் ஏறக்குறைய ஒரே முகம் காட்டும். இரும்பு அயனிகளின் நிலையைப் பிரித்துக் காட்டும் மோஸ்பாயர் அளவீடு இல்லாமல் "தூய மேக்னடைட்" என்று தலைப்பிட வேண்டாம். "இரும்பு ஆக்சைடு" என்பதே நேர்மையான பெயர்.

---

பழைய கிள்ளான் சாலை வாசகர் (கோலாலம்பூர்) எழுதியது:

நான் வேதியியலாளன் அல்லன். தொழிற்சாலைகளில் ஆற்றல் தணிக்கை செய்பவன். மாணவியின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் பலரும் அதைக் கணக்கில்லாமலேயே கடந்துவிடுகிறார்கள்.

60 டிகிரி அடுப்பில் இரண்டு நாள் உலர்த்துவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிலோவாட் அடுப்பு பாதி நேரமே எரிவதாகக் கொண்டாலும் 48 மணி நேரத்தில் 24 யூனிட் மின்சாரம். மாறாக, 200 மில்லிலிட்டர் நீரை அறை வெப்பமான 28 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 43 கிலோஜூல், அதாவது 0.012 யூனிட். சூடேற்றும் கலக்கியின் இழப்பையெல்லாம் தாராளமாகச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 0.3 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். தோலை உலர்த்தும் ஒரே படியில், வேதிவினைக்கு வேண்டியதைப்போல 80 மடங்கு மின்சாரம் போகிறது. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் உற்பத்தியாவது. அடுப்பு நிறைய தோல் வைத்து, அதைப் பல தயாரிப்புகளுக்குப் பிரித்துக்கொண்டால் இந்த எண் குறையும் என்பது உண்மை. அப்படியானால் எத்தனை கிராம் துகளுக்கு எத்தனை கிராம் தோல் செலவானது என்று எழுதுங்கள். எழுதாத கட்டுரையில் "ஆற்றல் சிக்கனமான" என்ற அடைமொழிக்கு இடமில்லை. வெயிலில் உலர்த்துவது மலிவுதான். பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998இல் முன்வைத்த 12 பசுமை வேதியியல் கொள்கைகளை எடுத்து வைத்துப் பாருங்கள். புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் என்பது அவற்றில் ஒன்றே ஒன்று. கழிவைத் தவிர்த்தல், ஆற்றல் சிக்கனம், தீங்கற்ற கரைப்பான், விபத்துக்கு இடம்கொடாமை எல்லாமே அதே பட்டியலில் உள்ளன. மேலே வேதியியலார் சொன்ன கூட்டு வீழ்படிவு முறையில் கரைப்பான் நீர், துணைவிளைபொருள் சமையலறை உப்பு. அவர் கொடுத்த அளவுகளின்படி ஒரு கிராம் துகளுக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு. இதற்குப் போட்டியாக ஒன்றை நிறுத்தி, அதைவிடப் பசுமை என்று சொல்ல வேண்டுமென்றால் கணிசமான ஆதாரம் காட்ட வேண்டும். என் கண்ணில் படும் பெரிய கழிவு, கழுவும் நீர்தான்: ஒவ்வொரு முறையும் 200 மில்லிலிட்டர் என்று ஐந்து முறை கழுவினால் ஒரு கிராமுக்கு ஒரு லிட்டர். சாறு சேர்த்தால் கழுவும் தடவைகள் குறையுமா, கூடுமா? அதை அளந்து சொன்னாலே உங்கள் ஆய்வறிக்கைக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

---

கெலுகோர் மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. மூன்று குடுவைச் சோதனையைச் செய்து பார்த்தேன். உப்பும் காரமும் மட்டும் உள்ள முதல் குடுவையில் உருவான கருந்தூள், பீக்கரின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்ததும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மயிர்க்கற்றைபோல் சிலிர்த்து நின்றது. மேலே தெளிந்த நீர். உப்பும் சாறும் மட்டும் உள்ள இரண்டாவதில் கறுப்பு இருந்தும் காந்தத்தை அது சட்டை செய்யவில்லை. அஸ்கார்பிக் அமிலக் கரைசலைச் சில துளி விட்டதும் அந்தக் கறுப்பு வெளுத்துப் பழுப்பு மஞ்சளாகியது. மூன்றும் சேர்ந்த குடுவையில் தூள் காந்தத்தை நோக்கி நகர்ந்தது, ஆனால் மெதுவாக. மேல்நீர் வெகுநேரம் தேயிலைச் சாயம்போலவே இருந்தது. எத்தனை முறை கழுவினாலும் அந்தச் சாயம் முழுமையாகப் போகவில்லை. கிள்ளான் சாலை ஐயா கேட்ட கேள்விக்கு இதுவே ஒரு பதில் என்று நினைக்கிறேன்.

இனி என் சந்தேகம் வேறு. சாற்றை வினைப்பொருளாகக் கொள்ளாமல், முதல் குடுவையில் உருவான துகளின்மேல் பூச்சாக மட்டும் பயன்படுத்தினால் என்ன? பாலிஃபீனால் பூச்சு உயிரியல் பயன்பாட்டுக்கு நல்லது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், செல்களுக்கு நச்சல்ல என்று பலர் எழுதியிருக்கிறார்கள். காந்தமாக்க அளவீட்டில் மூன்றாம் குடுவைத் துகளுக்குக் கிராமுக்கு 35 இஎம்யுதான் (காந்த வலுவின் அலகு) வந்தது. இது குறைவு என்று தெரிகிறது, ஆனால் எவ்வளவு குறைவு என்று மதிப்பிடத் தெரியவில்லை.

---

செல் வளர்ப்புக்காரி (கோலாலம்பூர்) எழுதியது:

தங்கச்சி, 35 என்ற எண்ணைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். முதலில் அது எதன் எடைக்கான எண் என்று பாருங்கள். வெப்ப எடையறி பகுப்பாய்வில் உங்கள் தூளில் 40 சதவீதம் கரிமப் பொருள் என்று தெரிந்தால், ஆக்சைடின் எடைக்கு மட்டும் கணக்கிடும்போது 35 என்பது 58 ஆகிவிடும். பெருந்திரள் மேக்னடைட்டின் தெவிட்டு காந்தமாக்கம் கிராமுக்கு ஏறத்தாழ 92 இஎம்யு. 10 நானோமீட்டர் அளவுத் துகளுக்கு 50 முதல் 70 வரை வருவது இயல்பு. ஆகவே ஆக்சைடு மோசமில்லை. அதைச் சுற்றி எவ்வளவு தோல் சாறு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

பூச்சைப் பொறுத்தவரை, உங்கள் முதல் கட்டப் பயன்பாட்டுக்கு ரம்புத்தான் சாறு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. டிஎன்ஏவைப் பிரித்தெடுத்த பின் அடுத்த வேலை பெரும்பாலும் பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்குவது. பாலிஃபீனால்களும் டானின்களும் பிசிஆரைத் தடுப்பவை; செடியிலிருந்தோ மண்ணிலிருந்தோ டிஎன்ஏ எடுப்பவர்கள் இவற்றை நீக்கவே படாத பாடு படுகிறார்கள். கரைந்து வரும் இரும்பு அயனியும் தடுப்பதே. இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமையே விலக்கப் போராடும் வேலையில், துகளின் மேலே இன்னொரு தடுப்பானை நாமே பூசி அனுப்புவது ஏன்?

இந்த வேலைக்குச் சிலிகா பூச்சே பழகிய பாதை. பசுமைக்கு ஒரு நல்ல வாய்ப்பும் அங்கேதான் இருக்கிறது. செபராங் பிறையிலும் கெடாவிலும் உள்ள அரிசி ஆலைகளில் நெல் உமி மலையாகக் குவிகிறது. உமிச் சாம்பலில் 85 சதவீதத்துக்கும் மேல் சிலிகா. உமியை 700 டிகிரிக்கு மேல் போகவிடாமல் எரித்தால் சிலிகா படிகமாகாமல் இருக்கும். படிகச் சிலிகா நுரையீரலுக்குக் கேடு என்பதால் இது முக்கியம். சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து வடித்தால் சோடியம் சிலிகேட் கிடைக்கும். துகள் தொங்கும் நீரில் அதைச் சேர்த்து, 80 டிகிரி அளவில் நீர்த்த அமிலத்தை மெல்ல மெல்ல விட்டுப் பிஎச்சைக் குறைத்தால் துகளின்மேல் சிலிகா படியும். வழக்கமான முறைக்கு வேண்டிய எத்தனாலும் அம்மோனியாவும் இங்கே தேவையில்லை. ரம்புத்தான் சாற்றுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு: இங்கே விவசாயக் கழிவு, பெயரும் தூய்மையும் சொல்லக்கூடிய ஒரே வேதிப்பொருளாக மாறிய பின்புதான் துகளை நெருங்குகிறது.

அளவையும் யோசியுங்கள். 10 நானோமீட்டர்த் துகள்கள் தனித்தனியே நன்றாகப் பிரிந்து மிதந்தால், கையில் பிடிக்கும் காந்தத்தால் அவற்றை இழுக்கவே முடியாது. காந்த விசை துகளின் கன அளவைப் பொறுத்தது, 100 நானோமீட்டர்க் கொத்தின் மேல் அது ஆயிரம் மடங்காகிறது. டிஎன்ஏவைப் பிரிக்கக் கொத்தாக இருப்பது நல்லது. எம்ஆர்ஐக்கு இரத்தத்தில் செலுத்தத் தனித்தனியாக இருப்பது நல்லது. ஒரே துகள் இரண்டுக்கும் பயன்படும் என்று எழுதிவைத்திருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். இன்னொன்று, சிலிகாவில் டிஎன்ஏ ஒட்டுவதற்குப் பெரும்பாலும் குவானிடின் தையோசயனேட் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவில் யாராவது குளோரின் வெளுப்பியை ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். துகளைப் பசுமையாகத் தயாரித்துவிட்டு, பயன்படுத்தும் கரைசலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டால் சுற்றுச்சூழல் கணக்கு பாதியோடு நின்றுவிடும்.

இரண்டாம் கட்டத்துக்கு வருவோம். "செல்களுக்கு நச்சல்ல" என்று பலர் எழுதியிருப்பது பெரும்பாலும் எம்டிடி சோதனையை நம்பித்தான். உயிருள்ள செல்கள் மஞ்சள் எம்டிடியை ஊதா நிறமாக ஒடுக்கும். நாம் ஊதாவை அளந்து செல் பிழைத்திருக்கிறது என்கிறோம். ஆனால் பாலிஃபீனாலே எம்டிடியை ஒடுக்கி ஊதாவாக்கும். செல்லே இல்லாத குழியிலும் ஊதா வரும். இரும்பு ஆக்சைடோ அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். எனவே செல் இல்லாமல் ஊடகமும் துகளும் மட்டும் உள்ள குழிகளை ஒவ்வொரு செறிவிலும் வையுங்கள். ஒளியளவை நம்பாத வேறொரு சோதனையையும், எடுத்துக்காட்டாகச் செல்களை எண்ணுவதையும், துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு: வளர்ப்பு ஊடகத்தில் பாலிஃபீனால்கள் தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. புற்றுச் செல்கள் இறந்தன என்று மகிழ்பவர்கள், அவற்றைக் கொன்றது துகளா பெராக்சைடா என்று கேட்டுக்கொள்வதே இல்லை.

உடலுக்குள் செலுத்துவது பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஃபெருமாக்சிடால் என்னும் இரும்பு ஆக்சைடு மருந்தை 2009இல் அனுமதித்தது. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தச்சோகைக்கானது அது. அதன் பூச்சு ஒரே வகைக் கார்போஹைட்ரேட், ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரம். அதற்கே கடும் ஒவ்வாமை நேர்ந்த காரணத்தால் 2015இல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஆயிரம் பொருள் கலந்த பழத்தோல் சாற்றைப் பூசிய துகளை "உயிரி இணக்கமானது" என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

---

செர்டாங் முன்னாள் மாணவர் (கோலாலம்பூர்) எழுதியது:

நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து தாவரச் சாற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். சிறிது மறுத்துப் பேச விரும்புகிறேன்.

யுபிஎம் (மலேசிய புத்ரா பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் 2013இல் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசியின் நீர்ச்சாற்றைக் கொண்டு மேக்னடைட் துகள்களைத் தயாரித்து வெளியிட்டார்கள். சராசரி அளவு 18 நானோமீட்டர், விலகல் 4. அங்கே ஒடுக்குவதாகவும் நிலைப்படுத்துவதாகவும் அவர்கள் சுட்டியது சல்ஃபேட் ஏறிய பலசர்க்கரைகளை. சாறு என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்குவது பிழை. டானின் மிகுந்த பழத்தோல் சாறு இரும்பைப் பிடித்து மையாக்கிவிடும். பலசர்க்கரை மிகுந்த கடற்பாசிச் சாறோ, பிசினோ, ஸ்டார்ச்சோ அவ்வாறு செய்வதில்லை. அவை துகளைச் சுற்றி நின்று வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவத்துக்கு வந்த இரும்பு ஆக்சைடுகளில் பல டெக்ஸ்ட்ரான் போன்ற பலசர்க்கரை பூசியவை என்பதை மறக்கக் கூடாது. டெக்ஸ்ட்ரானும் பாக்டீரியா தருவதுதான்.

பாக்டீரியா என்றதும் இன்னொன்று. காந்தத்திசை பாக்டீரியாக்கள் அறை வெப்பத்தில், காரமோ நைட்ரஜன் உருளையோ இல்லாமல், சவ்வு பூசிய மேக்னடைட் படிகங்களைச் சங்கிலியாகக் கோத்து வைக்கின்றன. 1975இல் பிளேக்மோர் அவற்றைப் பற்றி எழுதியதிலிருந்து, மனிதர் தயாரிக்கும் எந்தத் துகளும் வடிவ ஒழுங்கில் அவற்றை எளிதில் நெருங்கவில்லை. பசுமைத் தயாரிப்பு என்று எதைச் சொல்வது, இதை விட்டால்? மாணவி ரம்புத்தானைக் கைவிடலாம். உயிர்ப்பொருள்களையே கைவிட வேண்டியதில்லை.

---

பட்டர்வொர்த் வேதியியலார் எழுதியது:

பலசர்க்கரை பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். டானினையும் அதையும் ஒன்றாக்கி நான் எழுதியிருக்கக் கூடாது என்று யாரும் சொல்வதற்கு முன், என் பதில் ரம்புத்தானைப் பற்றியது மட்டுமே என்பதையும் நினைவூட்டுகிறேன். ஆனால் பாக்டீரியாவில் ஒரு சிக்கல். அவை ஆக்சிஜன் மிகக் குறைந்த சூழலில் மெதுவாக வளர்பவை. லிட்டருக்குக் கிடைக்கும் காந்தப் பொருள் மில்லிகிராம் கணக்கில்தான். வளர்ப்பு ஊடகம், நாள்கணக்கில் வெப்பநிலை பேணுதல், செல்லை உடைத்துப் படிகத்தைப் பிரித்தல் என்று சேர்த்துப் பார்த்தால் கிள்ளான் சாலை நண்பரின் தணிக்கையில் அது தேறுமா என்பது சந்தேகம். அளவு குறைவாகவும் வடிவ ஒழுங்கு உயிர்நாடியாகவும் உள்ள வேலைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இரத்த மாதிரிகள் நூற்றுக்கணக்கில் வரும் ஆய்வகத்துக்கு அன்று.

பசுமை முறைக் கட்டுரைகளின் முன்னுரைகளில் ஒரு தந்திரம் இருப்பதையும் மாணவி கவனிக்க வேண்டும். எதிரியாக அங்கே நிறுத்தப்படுவது எப்போதும் வெப்பச் சிதைவு முறைதான்: இரும்பு ஒலியேட்டை ஆக்டடெசீனில் 320 டிகிரி அளவில் கொதிக்கவைத்து, ஹெக்சேனாலும் எத்தனாலாலும் கழுவி, நீரில் கரையாத துகளைப் பின்னர் நீருக்கு மாற்றுவது. அதோடு ஒப்பிட்டால் எந்தச் சாறும் பசுமையாகத்தான் தெரியும். அந்த முறை அளவு ஒழுங்குக்காகப் பயன்படுகிறது. அந்த ஒழுங்கைச் சாற்று முறை தருவதும் இல்லை. நியாயமான ஒப்பீடு நீரில், 80 டிகிரியில், சிட்ரேட் பூசிச் செய்யும் கூட்டு வீழ்படிவோடுதான். உங்கள் ஆய்வறிக்கையில் அந்த ஒப்பீட்டை முதல் அட்டவணையாக வையுங்கள்.

---

கெலுகோர் மாணவி எழுதியது:

மேற்பார்வையாளரிடம் மூன்று குடுவைகளையும் காட்டினேன். நெடுநேரம் பேசிய பின், முதல் கட்டத்தை உமிச் சிலிகா பூசிய துகளாக மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். ரம்புத்தான் முடிவுகள் ஒப்பீட்டுக்காக ஒரு பகுதியில் இடம்பெறும். இரண்டாம் கட்டத்தில் சிட்ரேட், டெக்ஸ்ட்ரான் ஆகிய இரண்டு பூச்சுகளை மட்டும் சோதிப்போம்.

செல் வளர்ப்பு அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். செல்களுக்குக் கொடுப்பதற்கு முன் எண்டோடாக்சின் (பாக்டீரியாச் சுவரின் நச்சுப்பொருள்) சோதனை வேண்டும் என்கிறார்கள். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தால் போதாதா? சோதனைக்கு லாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த வினைப்பொருளை வாங்கச் சொல்கிறார்கள். பசுமை என்று தலைப்பு வைத்துவிட்டு அதை வாங்குவதற்கு மனம் ஒப்பவில்லை.

---

செல் வளர்ப்புக்காரி (கோலாலம்பூர்) எழுதியது:

ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும். அதன் சுவரிலிருந்து வந்த எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடிக் கலங்களை 250 டிகிரியில் அரை மணி நேரம் உலர் வெப்பத்தில் வைத்தால் அது அழியும். பூச்சுடன் உள்ள துகளை அப்படிச் சுட முடியாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே எண்டோடாக்சின் இல்லாத நீர், சுட்டெடுத்த கண்ணாடி, மூடிய கலம் என்று பழகிக்கொள்ள வேண்டும். சிட்ரேட் பூசிய துகளை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தலாம். ஆட்டோகிளேவில் வைத்தால் சில பூச்சுகள் திரண்டுவிடும்.

சோதனைக்கு நண்டு இரத்தம் கட்டாயமில்லை. நம் சதுப்புநிலக் கரையோரம் வாழும் சிறிய லாட நண்டினத்தில் எண்டோடாக்சினை உணரும் புரதமான காரணி-சியின் மரபணுவை எடுத்து, அந்தப் புரதத்தைச் செல் வளர்ப்பில் உற்பத்தி செய்யும் வழியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். ஐரோப்பிய மருந்து நூலில் இந்த மறுசேர்க்கைக் காரணி-சி முறை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நண்டு இரத்தத்தில் உள்ள காரணி-ஜி, பீட்டா குளூக்கன் இருந்தாலும் தூண்டப்பட்டு எண்டோடாக்சின் இருப்பதாகப் பொய்க்கணக்குக் காட்டும். பீட்டா குளூக்கன் தாவரப் பொருள்களிலும் பூஞ்சையிலும் செல்லுலோஸ் வடிகட்டிகளிலும் வரும். மறுசேர்க்கை முறையில் காரணி-ஜி இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை.

இரும்பு ஆக்சைடு ஒளியளவைக் குழப்பும் என்பதால் சோதனையை இரு வழியாகச் செய்யுங்கள்: துகளோடு ஒன்று, காந்தத்தால் துகளை ஒதுக்கிவிட்டு மேல்நீரில் ஒன்று. இரண்டிலும் தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள்; 50 முதல் 200 சதவீதத்துக்குள் வந்தால்தான் அந்த அளவீடு செல்லும். வராவிட்டால் மாதிரியை நீர்த்துப் பாருங்கள். சிட்ரேட் இரும்பைக் கரைத்து மேல்நீரில் விடுகிறதா என்பதையும் அதே மாதிரியில் அளந்துகொண்டால் தனியாக இன்னொரு தொகுதி தயாரிக்கும் வேலை மிச்சம்.

---

பழைய கிள்ளான் சாலை வாசகர் எழுதியது:

உமியை எரிக்கும் உலையின் மின்சாரத்தையும் மறக்காமல் எழுதி வையுங்கள், மாணவியாரே. ஆலையில் கொதிகலனில் ஏற்கெனவே எரிந்த சாம்பலை வாங்கிவந்தால் அந்தச் செலவு உங்கள் கணக்கில் ஏறாது. ஆனால் அது எந்த வெப்பநிலையில் எரிந்தது என்று ஆலைக்காரரால் சொல்ல முடியாது, ஆகவே படிகச் சிலிகா இருக்கிறதா என்று எக்ஸ்ஆர்டியில் ஒரு முறை பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றுவதற்கு முன் உங்கள் ஆய்வகப் பாதுகாப்பு அலுவலரிடம் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளைக் காட்டிக் கேட்டுக்கொள்வதும் நல்லது. அந்த நீரில் காரமும் நுண்ணிய இரும்பும் இருக்கின்றன.